குடம் தூக்கியதும் முதுகில் 'படக்': சுளுக்கா, எலும்பு முறிவா?

(திரையில்: காசிமேட்டுச் சந்து, தண்ணீர் லாரி, வரிசையாக பிளாஸ்டிக் குடங்கள்)

எங்கள் ஆயா இப்படித்தான் ஒரு நாள் குனிந்து குடத்தைத் தூக்கினார், முதுகில் 'படக்'கென்று ஒரு சத்தம், அப்புறம் நிமிரவே முடியவில்லை. தெருவே சேர்ந்து சுளுக்கு என்றது. ஒருத்தர் எண்ணெய் போட்டு நீவ வந்தார், இன்னொருத்தர் புத்தூர் கட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்றார். இந்த வயதில் முதுகை நீவவே விடாதீர்கள், முதலில் எக்ஸ்ரே எடுங்கள்.

(திரையில்: நசுங்கிய தெர்மோகோல் மீன் பெட்டி)

மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு எலும்பு உள்ளுக்குள் பொத்தலாகிக்கொண்டே போகும். மீன் பெட்டிமேல் பாரம் ஏற்றினால் ஒரு பக்கம் அமுங்குமே, அதேபோல முள்ளெலும்பின் முன்பக்கம் நசுங்கிவிடும். விலா எலும்பு முடிந்து இடுப்பு தொடங்குகிற இடத்தில்தான் இது அதிகம். பலருக்கு வலி மாத்திரை, பெல்ட், கொஞ்சம் ஓய்வு என்று சில வாரங்களிலேயே வலி குறைந்துவிடும். படுக்கையை விட்டே எழ முடியாதவர்களுக்குத்தான் சிமெண்ட் ஊசி.

கொத்தனார் சிமெண்ட் இல்லை, பல்செட் செய்கிற அக்ரிலிக் வகை. குப்புறப் படுக்கவைத்து, எக்ஸ்ரேவில் பார்த்துக்கொண்டே, தோல் வழியாக எலும்புக்குள் ஊசியை இறக்கிச் செலுத்துவார்கள், சில நிமிடங்களில் இறுகிவிடும். இதுதான் வெர்டிப்ரோபிளாஸ்டி, 1984இல் பிரான்ஸில் தொடங்கியது. உள்ளே பலூனை ஊதி இடம் உண்டாக்கி, அதை எடுத்துவிட்டு சிமெண்ட் நிரப்பினால் கைபோபிளாஸ்டி. செலவு கூட.

சரி, பலன் உண்டா? இதில் டாக்டர்களுக்குள்ளேயே சண்டை. 2009இல் வந்த இரண்டு ஆய்வுகளில் பாதிப் பேருக்கு சிமெண்ட் போடாமல் போட்ட மாதிரி நடித்தார்கள், அவர்களுக்கும் வலி அதே அளவு குறைந்தது! 2016இல் ஆஸ்திரேலியாவில், முறிந்து ஆறு வாரத்துக்குள் வந்தவர்களுக்குப் போட்டுப் பார்த்தபோது பலன் தெரிந்தது. 2018இல் நெதர்லாந்து ஆய்வு மறுபடி வித்தியாசம் இல்லை என்றது. என்னைக் கேட்டால், ஆறின பழைய முறிவுக்கு இதைப் போடச் சொன்னால் இன்னொரு டாக்டரையும் பாருங்கள்.

முறிவு புதுசா பழசா என்று எம்ஆர்ஐ காட்டிக்கொடுக்கும். காசநோயா, புற்றுநோயா என்ற சந்தேகத்துக்கும் அது வேண்டும், ஏனென்றால் முதுகெலும்பு டிபி நம் ஊரில் அபூர்வமில்லை, கிருமி இருக்கிற எலும்பில் சிமெண்ட் போடக்கூடாது. சிமெண்ட் கசிந்து நரம்பை அழுத்தலாம், ரத்தக்குழாய் வழியாக நுரையீரல் வரைகூடப் போகலாம், அரிதுதான், ஆனால் கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள். கால் மரத்தாலோ சிறுநீர் அடைத்தாலோ நேராக எமர்ஜென்சிக்கு ஓடுங்கள்.

ஆயாவுக்கு சிமெண்ட் போட்டார்கள், மறுநாளே நடந்தார். எலும்பு வலுவுக்கு மருந்து வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அடுத்த வருடம் மேலே இருந்த எலும்பும் நசுங்கியது. அதற்கப்புறம்தான் எலும்பின் அடர்த்தியை அளக்கிற டெக்ஸா ஸ்கேன், கால்சியம், வைட்டமின் டி, எலும்பு கரையாமல் தடுக்க வருடத்துக்கு ஒரு சோலெட்ரோனிக் ஆசிட் டிரிப்ஸ் எல்லாம். குடம் இப்போது என் டிபார்ட்மெண்ட்.