ஒரு மலை, மூன்று லென்ஸ்

நேயர்களுக்கு வணக்கம்.

புதிதாகக் கேமரா வாங்கியவர்கள் என்னைப் பார்த்ததும் கேட்பது, "அடுத்து எந்த லென்ஸ் வாங்கலாம்?" என்பதுதான். அந்தக் கேள்விக்கு இன்று திருவண்ணாமலையை வைத்துப் பதில் சொல்லப் போகிறேன். இயற்கைக் காட்சி, தெரு, இருட்டு என்று மூன்றும் நடந்துபோகும் தூரத்தில் கிடைக்கும் ஊர் அது. கார்த்திகைதோறும் போய்வருகிறேன். லென்ஸைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அங்கே பிழை செய்து கற்றதுதான்.

மலை என்றதும் எல்லோரும் பரந்த காட்சியை அடக்கும் வைட் ஆங்கிள் லென்ஸைத் தேடுகிறார்கள். லென்ஸின் மி.மீ. எண் சிறியதானால் காட்சி அகலும், பெரியதானால் தூரத்தில் இருப்பது கிட்டே வரும். நானும் முதல் ஆண்டு, ராஜகோபுரத்துக்கு எதிரே கொஞ்சம் தள்ளி நின்று, 18 மி.மீ.யில் கேமராவை அண்ணாந்து பிடித்து எடுத்தேன். படத்தில் கோபுரம் பின்பக்கம் சாய்ந்து கிடந்தது. 2668 அடி மலையோ கோபுரத்தின் இடுப்பளவுக்குத்தான் வந்தது. மறுநாள் விடியற்காலை, நண்பரின் 70-200 லென்ஸை வாங்கிக்கொண்டு கிழக்கே ஒன்றரை கிலோமீட்டர் நடந்தேன். திரும்பிப் பார்த்தால், அதே 217 அடிக் கோபுரம் சிறியதாகி, அதைப்போல் பல மடங்கு உயரத்தில் மலை எழுந்து நிற்கிறது. கிழக்கு வெயில் இரண்டின் மேலும் ஒன்றாக விழுந்திருந்தது. நான் பின்னால் நடந்ததால்தான் மலை உயர்ந்தது. அங்கிருந்து தெரிந்த பரந்த வெளியில் எனக்கு வேண்டிய பகுதியை மட்டும் லென்ஸ் வெட்டி எடுத்துத் தந்தது. நிற்கும் இடத்தை முதலில் முடிவு செய்யுங்கள். லென்ஸ் அதற்குப் பிறகுதான்.

வைட் ஆங்கிளுக்கும் அங்கே இடம் உண்டு. மலைச் சரிவில் இருக்கும் ஸ்கந்தாசிரமத்துக்கு ஏறும் பாதையில், காலடியில் ஒரு பாறை, கீழே நான்கு பக்கமும் கோபுரங்களோடு கோயில், அதைச் சுற்றி ஊர். இவை எல்லாம் ஒரே படத்தில் வேண்டும் என்றால் அகலமான லென்ஸ்தான் கை கொடுக்கும். அபர்ச்சரை, அதாவது ஒளி நுழையும் துளையை, எஃப் 8 அல்லது 11-இல் நிறுத்துங்கள். எஃப் எண் கூடக் கூடத் துளை சிறுக்கும். 22 வரை போனால் ஒளி சிறு துளையில் விலகிப் படத்தின் கூர்மை குறைந்துவிடும்.

இனி தெரு. 1950 ஏப்ரலில், ரமண மகரிஷியின் கடைசி நாட்களில், பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்த்தியே பிரெஸ்ஸோன் இதே ஊரில் இருந்து படம் எடுத்தார். தம் வாழ்நாளின் பெரும்பகுதியை அவர் 50 மி.மீ. என்ற ஒரே லென்ஸோடு கழித்தவர். இன்று கிரிவலப் பாதையில் பார்க்கிறேன்: 300 மி.மீ. லென்ஸை மாட்டிக்கொண்டு சாலையின் மறுபக்கத்திலிருந்து சாதுக்களைக் குறிவைக்கிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. அந்த மனிதருக்குத் தெரியாமல் அவர் முகத்தை எடுத்துக்கொண்டு போவது அது. 35 மி.மீ. லென்ஸ் இருந்தால் ஐந்தாறு அடிக்குள் போயாக வேண்டும். போனால் வணக்கம் சொல்ல வேண்டும், பக்கத்தில் உட்கார வேண்டும், வேண்டாம் என்றால் எழுந்துவிட வேண்டும். அந்தப் பழக்கம் படத்திலும் தெரியும்.

அதில் ஒரு வசதியும் இருக்கிறது. படத்தைப் பதியும் சென்சார் பழைய ஃபிலிம் அளவில் இருக்கும் ஃபுல் ஃபிரேம் கேமராவில் 35 மி.மீ. லென்ஸை எஃப் 8-இல் வைத்து, ஃபோகஸை 8 அடியில் நிறுத்திவிட்டால், ஏறத்தாழ ஐந்தரை அடி முதல் 15 அடி வரை எல்லாம் தெளிவாக விழும். பிறகு ஃபோகஸைத் தொடவே வேண்டாம். கண் தெருவில் இருக்கலாம். நீங்கள் வைத்திருப்பது ஏபிஎஸ்-சி எனப்படும் சிறிய சென்சார் கேமரா என்றால், லென்ஸின் எண்ணை ஏறத்தாழ ஒன்றரையால் பெருக்கிக்கொள்ளுங்கள். அதில் 35 மி.மீ. லென்ஸ் கிட்டத்தட்ட 50-இன் பார்வையைத் தரும்.

தீபத்தன்று மாலை ஆறு மணிக்கு உச்சியில் தீபம் தெரிந்ததும் கூட்டம் முழுவதும் மேலே பார்க்கும். ஓர் ஆண்டு நான் தெருவுக்குள் திரும்பினேன். ஒரு வாசலில் பாட்டி ஒருவர் அகல் திரியைத் தூண்டிக்கொண்டிருந்தார். படம் எடுக்கலாமா என்று கேட்டேன், தலையசைத்தார். கேமராவோடு வந்த 18-55 லென்ஸ், 55 மி.மீ.யில் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது. ஷட்டர் வேகம் நொடியில் பத்தில் ஒரு பங்கு. அவருடைய விரல்கள் புகைபோலக் கரைந்துவிட்டன. கை நடுக்கத்தைத் தடுக்கும் வசதி அந்த லென்ஸில் இருந்தது. ஆனால் அது என் கையைத்தான் பிடித்து நிறுத்தும், பாட்டியின் விரலை நிறுத்தாது. பையிலிருந்த 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸை மாட்டினேன். 5.6-ஐவிட ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். ஷட்டர் நூறில் ஒரு பங்குக்கு வந்துவிட்டது. விரல் நுனியில் ஒட்டிய எண்ணெயின் பளபளப்புகூடப் பதிந்தது. முகம் மட்டும் மங்கியது, ஏனென்றால் அவ்வளவு அருகில் 1.8-இல் தெளிவாக இருக்கும் ஆழம் இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான். கொஞ்சம் பின்னால் நகர்ந்து, 2.8-க்கு மாற்றி இன்னொன்று எடுத்தேன். அந்தப் படம் இன்றும் என் வீட்டுச் சுவரில் இருக்கிறது.

ஆகவே கையில் பணம் குறைவாக இருப்பவர்கள் முதலில் வாங்க வேண்டியது, எஃப் 1.8 அளவுக்குத் திறக்கும் 35 அல்லது 50 மி.மீ. லென்ஸ். தெருவுக்கும் இருட்டுக்கும் அது ஒன்றே போதும். மலைக்கு, கேமராவோடு வந்த லென்ஸே எஃப் 8-இல் நன்றாக வேலை செய்யும். 70-200 போன்ற டெலி லென்ஸை ஒரு நாள் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள்.

பழைய லென்ஸ் வாங்குவதாக இருந்தால், இரண்டு பக்க மூடியையும் கழற்றி, அபர்ச்சரை முழுவதும் திறந்து, ஒரு முனையிலிருந்து டார்ச் அடித்து மறுமுனையில் பாருங்கள். தூசி நாலைந்து இருந்தால் பாதகமில்லை. சிலந்தி வலை நூல்போல வெள்ளையாகக் கிளைவிட்டிருந்தால் அது பூஞ்சை. நம் கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் அது மளமளவென்று வளரும், கண்ணாடியின் பூச்சையும் அரித்துவிடும். எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். நல்ல லென்ஸ் வாங்கியவர்கள் மூடி இறுகும் டப்பாவில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். மழைக்காலத்திலும் அதை வாரம் ஒருமுறையாவது வெளியே எடுத்துப் படம் பிடியுங்கள்.

வணக்கம்.