டிரைவரும் பற்று நோட்டும்

நேயர்களுக்கு வணக்கம். குடியாத்தத்தில் சின்னதாக ஒரு டிடிபி கடை வைத்திருக்கிறேன். இரண்டு கம்ப்யூட்டர், இரண்டிலும் விண்டோஸுக்குப் பதில் உபுண்டு லினக்ஸ். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், பேனர் எல்லாமே இங்க்ஸ்கேப் என்கிற வரைகலை மென்பொருளில்தான்.

ஒரு வருஷம், சித்திரை கடைசி வாரம். வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. பேனர் கேட்டு வாசலில் நான்கு பேர் நிற்கிறார்கள். கம்ப்யூட்டரைப் போட்டால் கறுப்புத் திரை. இடது மூலையில் ஒரு சின்னக் கோடு மட்டும் மின்னி மின்னி மறைகிறது.

தப்பு என்னுடையதுதான். இரண்டு மாதம் முன்பு, என்விடியா கிராபிக்ஸ் கார்டுக்கு இருப்பதிலேயே புது டிரைவர், அதாவது கார்டை இயக்கும் மென்பொருள், வேண்டுமென்று, இணையத்திலிருந்து கோப்பை இறக்கி நானே போட்டிருந்தேன். அன்றைக்கு ஜோராக ஓடியது. முந்தின நாள் ராத்திரி வந்த அப்டேட்டில் புதுக் கெர்னல், அதாவது லினக்ஸின் மையப் பகுதி, ஏறிவிட்டது. டிரைவரின் ஒரு பகுதி கெர்னல் மாட்யூல், அதாவது கெர்னலுக்குள் சேர்ந்து ஓடும் துண்டு. எந்தக் கெர்னலுக்கென்று கட்டினோமோ, அதோடுதான் பொருந்தும். புதுசுக்கு யார் கட்டிக் கொடுப்பது?

உபுண்டுவிலும் அதன் தாய்வீடான டெபியனிலும் மென்பொருள் கணக்கைப் பார்ப்பது ஏபிடி. மளிகைக் கடைப் பற்று நோட்டு மாதிரி: எது ஏறியிருக்கிறது, எந்தப் பதிப்பு, எது எதை நம்பி நிற்கிறது, எல்லாம் அதில் இருக்கும். நான் கைப்பட ஏற்றியது அந்த நோட்டில் இல்லை. இல்லாத கணக்கை அது எப்படிப் பார்க்கும்? உபுண்டுவிலேயே இருக்கும் 'அடிஷனல் டிரைவர்ஸ்' வழியாகப் போட்டிருந்தால், புதுக் கெர்னலுக்கான மாட்யூல் கூடவே வந்திருக்கும். இல்லையென்றால் டிகேஎம்எஸ் என்கிற கருவி அதைத் தானாகவே கட்டிவிட்டிருக்கும்.

சரி, அன்றைக்கு என்ன செய்தேன்? மறுபடி ஆன் செய்து எஸ்கேப் விசையைத் தட்டினேன். வந்த பட்டியலில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போய்ப் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தேன். உபுண்டு பழையதை உடனே தூக்கி எறியாது, அது பெரிய புண்ணியம். பாதியில் விட்ட பேனரைத் திறந்தேன். அம்மன் சிரசு திரையில் வந்து நின்றது.

திருவிழா முடிந்ததும் கைப்பட ஏற்றியதை முதலில் நீக்கினேன். அப்புறம் முறையான வழியில் போட்டேன். செக்யூர் பூட், அதாவது கையொப்பமில்லாததைத் தொடக்கத்திலேயே தடுக்கும் பாதுகாப்பு, இருந்தால் அப்போது ஒரு கடவுச்சொல் வைக்கச் சொல்லும். அடுத்த தடவை ஆன் செய்யும்போது நீலத் திரை வரும். பலர் பதறிப்போய் 'கன்டினியூ' அமுக்கிவிடுகிறார்கள்; டிரைவர் ஏறாது. 'என்ரோல் மோக்', அதாவது நம் சாவியைப் பதிவு செய் என்பதைத் தேர்ந்து, வைத்த கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும்.

ஏஎம்டி, இன்டெல் கார்டுக்காரர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. டிரைவர் கெர்னலோடேயே வந்துவிடுகிறது.

ஏபிடியில் 'அப்டேட்' கட்டளைக்கும் 'அப்கிரேட்' கட்டளைக்கும் என்ன வித்தியாசம் என்று பலர் கேட்பார்கள். வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் என்ன வந்திருக்கிறதென்று விசாரித்துவிட்டு வருவது அப்டேட். பையில் வாங்கி வருவது அப்கிரேட்.

சித்திரை கடைசி வாரத்தில் அப்டேட் பெட்டி எட்டிப் பார்த்தால், இப்போதெல்லாம் 'அப்புறம்' என்று அமுக்கிவிடுகிறேன். வைகாசி இரண்டாம் தேதி காலையில் முதல் வேலை அதுதான். நன்றி, வணக்கம்.