மைதானத்துப் பூட்டும் விசில் இல்லாத ஆட்டமும்

வணக்கத்துக்குரிய தேரர் அவர்களே, குருக்கள் ஐயா அவர்களே, அருட்தந்தை அவர்களே, மௌலவி அவர்களே, இந்த விழாவுக்குத் தலைமை தாங்கும் தலைவர் அவர்களே, பிரதம அதிதியாக வருகை தந்திருக்கும் மாநகர சபை உறுப்பினர் அவர்களே, ஒலிபெருக்கிச் செலவை முழுதாக ஏற்றுக்கொண்ட போஷகர் ஐயா அவர்களே, மின்விசிறிக் காற்று எட்டாத மூலையில் முகம் சுளிக்காமல் அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற அதிபர் அவர்களே, கொட்டாஞ்சேனை, முகத்துவாரம், மட்டக்குளி, புளூமெண்டால் பக்கமிருந்து வந்திருக்கும் வீரர்களே, வீராங்கனைகளே, அவர்களுடைய சேறு படிந்த உடுப்புகளைத் துவைத்தே களைத்துப்போன தாய்மாரே, எல்லோருக்கும் என் மாலை வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போஷகர் ஐயாவை விடவில்லை என்பது மட்டும் நிச்சயம். அவர் இல்லாவிட்டால் இந்த மைக்கே இல்லை.

தலைவர் வேண்டாம், நடுவர் வேண்டாம் என்று பேச வந்தவன் தலைவர்களுக்கே இவ்வளவு நேரம் வணக்கம் சொல்கிறானே என்று பின்வரிசையில் ஒரு தம்பி சிரிக்கிறார். சபை மரியாதை வேறு, அதிகாரம் வேறு, தம்பி.

எனக்கு 15 நிமிடம் தந்திருக்கிறார்கள். மூன்று விஷயம் சொல்லப் போகிறேன். தலைமை இல்லாத உதைபந்தாட்டம் என்றால் என்ன என்பது முதலாவது. அதில் எங்கள் பெண் பிள்ளைகளின் இடம் எது என்பது இரண்டாவது. மூன்றாவது, பூட்டு.

ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பார்கள். என் பேச்சைக் கேட்டவர்களுக்கு இந்தப் பழமொழி புதிதல்ல, இன்றைக்கும் விடப்போவதில்லை. ஆடிவேல் தேர் செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்குப் போகிறபோது பாருங்கள். வடத்தில் கை வைக்கிறவரிடம் யாராவது அடையாள அட்டை கேட்கிறார்களா? அங்கத்துவப் பணம் கட்டினாயா என்று கேட்கிறார்களா? கை இருந்தால் போதும். நான் சொல்கிற ஆட்டமும் அப்படித்தான். வந்தவருக்கு இடம் உண்டு. மேலே இருந்து உத்தரவு போட ஆள் கிடையாது.

விசில் இல்லாமல் ஆட்டமா என்று கேட்பவர்களுக்குக் கொஞ்சம் சரித்திரம் சொல்கிறேன். இங்கிலாந்தில் 1863இல் உதைபந்தாட்ட விதிகளை எழுதியபோது அதில் நடுவர் என்ற ஆளே இல்லை. தகராறு வந்தால் இரண்டு அணித் தலைவர்களும் பேசித் தீர்த்தார்கள். முழு அதிகாரத்தோடு நடுவர் மைதானத்துக்குள் கால் வைத்தது 1891இல்தான். பெனால்டியும் அதே வருடம்தான் வந்தது. அதிகாரமும் தண்டனையும் ஒரே கப்பலில் வந்து இறங்கியிருக்கின்றன.

அனார்க்கிஸ்டுகள், அதாவது ஆண்டான் அடிமை இல்லாமல் ஆட்கள் தாங்களாகவே கூடிக் காரியம் செய்யலாம் என்று நம்புகிறவர்கள், இந்த விளையாட்டில் நெடுநாளாகவே இருக்கிறார்கள். மரடோனா 1976இல் முதன்முதலாக இறங்கிய ஆர்ஜென்டினோஸ் ஜூனியர்ஸ் கழகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். புவனஸ் அயர்ஸில் 1904இல் அதைத் தொடங்கிய இளைஞர்களின் பழைய அணிக்குப் பெயர் 'சிகாகோ தியாகிகள்'. எட்டு மணி நேர வேலைக்காகப் போராடித் தூக்குமேடை ஏறிய அனார்க்கிஸ்ட் தொழிலாளர்களின் நினைவாக வைத்த பெயர் அது. பிரிஸ்டல் நகரத்தில் 1992இல் தொடங்கிய ஈஸ்டன் கவ்போய்ஸ் என்ற அக்கம்பக்கத்து அணி, 1999இல் மெக்சிக்கோவின் சியாபாஸ் காட்டுக்கே போய், அரசாங்கத்தை எதிர்த்து எழுந்த பழங்குடி மக்களான சபட்டிஸ்டா கிராமத்தவர்களோடு ஆடியது. டென்மார்க் ஓவியர் ஆஸ்கெர் யோர்ன் இன்னும் ஒருபடி மேலே போனார். அறுகோண மைதானம், மூன்று கோல், மூன்று அணி. கோல் ஆகக் குறைவாக வாங்கியவர்களுக்கே வெற்றி. இதை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலிமுகத்திடலில் ஆடிப் பார்க்கவேண்டும் என்பது என் ஆசை.

சரி, தடி எடுத்தவனெல்லாம் தண்டல்காரன் ஆகிவிட மாட்டானா? வரும் வழியில் போஷகர் ஐயாவே இதைக் கேட்டார். அதற்கு ஒரு கதை சொல்கிறேன்.

புளூமெண்டால் பக்கம் ஒரு தொடர்மாடி. கீழே ஒடுக்கமான பாதை, அதில் நாலு பாட்டா செருப்பு வைத்தால் இரண்டு கோல். பந்து ஒரு பொடியனுடையது, மாமா டுபாயிலிருந்து அனுப்பியது. அப்புறம் கேட்கவா வேண்டும்? அவன்தான் கப்டன். பெனால்டியைத் தவறவிட்டால் இன்னொரு தடவை அடிப்பான். ஒருநாள் பந்து செருப்புக்கு உள்ளே போனதா, மேலே போனதா என்று தகராறு. இவனுக்குக் கோபம் வந்து பந்தைத் தூக்கிக்கொண்டு நாலாம் மாடிக்கு ஏறிவிட்டான். வழக்கமாக அதோடு எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். அன்றைக்குப் போகவில்லை. ஒருவன் பழைய சொக்ஸ் கொண்டுவந்தான், இன்னொருத்தி வீட்டிலிருந்த சிலி சிலி பேக், அதாவது பிளாஸ்டிக் பை, எல்லாவற்றையும் அள்ளி வந்தாள். திணித்துக் கட்டி, ஆட்டம் தொடங்கிவிட்டது. இவன் பல்கனியில் பந்தோடு நிற்கிறான். "அது கோல் இல்லை!" என்று மேலிருந்து கத்துகிறான். யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்தான், முடியவில்லை. பந்தைத் தூக்கிக் கீழே எறிந்துவிட்டான்.

சரியாக அந்த நேரம் பார்த்து, அந்த மேல்நாட்டு மெட்டைப் போட்டுக்கொண்டு, தெருத்தெருவாய்ப் பாண் விற்கும் சூன் பாண் முச்சக்கரவண்டி வளைவில் திரும்புகிறது. பந்து நேராக அதன் கூரையில் விழுந்தது. கண்ணாடிப் பெட்டி திறந்து கிம்புலா பணிஸ் எல்லாம் தெருவில். மெட்டு மட்டும் நிற்கவில்லை! பாண்காரர் இறங்கிச் சிங்களத்தில் கேட்கிறார்: "மே போலெ காகெத?" இந்தப் பந்து யாருடையது? மேலே நின்றவன் சுவருக்குப் பின்னால் குந்திவிட்டான். கீழே ஒருவரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் ஆறு வயதுப் பிள்ளை ஒன்று முன்னால் வந்து, "அப்பே" என்றது. எங்கட பந்து! அவ்வளவுதான், எல்லோரும் பொக்கெட்டைத் தடவி, சில்லறை சேர்த்துப் பணிஸ் காசைக் கட்டினார்கள். அழுக்குப் படாததை அங்கேயே தின்றார்கள். பொடியன் இறங்கி வந்தான். மன்னிப்புக் கேள் என்று யாரும் சொல்லவில்லை. "ஆள் குறைஞ்ச பக்கம் போ" என்றார்கள், போனான்.

அன்றிலிருந்து பந்து இருப்பது கீழேயுள்ள கடை அக்காவிடம். கிழிந்தால் எல்லோரும் காசு போட்டு வாங்குகிறார்கள். தகராறு தீராவிட்டால் அந்தப் பந்தைத் திரும்ப அடிக்கிறார்கள். ஒரு பக்கம் கோல் மலையாகக் குவிந்தால் ஆளை மாற்றிப் போட்டுக்கொள்கிறார்கள். இந்தச் சட்டத்தை எழுதிக் கொடுத்தது யார்? எவருமில்லை. ஊர் கூடியது, தேர் நகர்ந்தது.

கழகங்களே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, தலைவர் அவர்கள் கோபிக்கக்கூடாது. 1995இல் இதே கொழும்பில் இலங்கை அணி இந்தியாவை 1-0 என்று வென்று தெற்காசியத் தங்கக் கிண்ணம் எடுத்தபோது நானும்தான் தொண்டை கிழியக் கத்தினேன். ஆனால் 2023 ஜனவரியில் ஃபிஃபா எங்கள் சம்மேளனத்தை இடைநிறுத்தியதே, ஆகஸ்ட் வரைக்கும் தேசிய அணிக்குச் சர்வதேச ஆட்டம் இல்லை. முகத்துவாரம் கடற்கரையில் ஒருநாளாவது பந்து நின்றதா?

இரண்டாவது விஷயம், பெண் பிள்ளைகள். "அப்பே" என்ற அந்தப் பிள்ளையைப் பற்றியே அரை மணி நேரம் பேசலாம். கதவடியில் மணி அடிக்கிறார்கள், அதற்குத் தனிக் கூட்டமே வைப்போம். பூட்டுக்கு வருகிறேன்.

இந்தப் பக்கம் ஒரு மைதானம் இருக்கிறது. பெயர் சொல்ல மாட்டேன், எல்லோருக்கும் தெரியும். பின்னேரம் நாலு மணிக்குப் பிள்ளைகள் போனால் கேட்டில் பூட்டு. உள்ளே புல் முழங்கால் உயரம், வெளியே பிள்ளைகள் பஸ்ஸுக்கும் கொண்டெய்னர் லொறிக்கும் நடுவில் பந்தடிக்கிறார்கள். கேட்டால் கடிதம் கொண்டு வா, பதிவுசெய்த கழகமா, கட்டணம் கட்டு. இல்லாவிட்டால் வலை போட்ட ஃபுட்சால் கூண்டுக்கு மணித்தியாலக் கணக்கில் வாடகை. தோட்டம் என்று நாங்கள் சொல்லும் நெருக்கமான குடியிருப்பு வீட்டை இடித்துத் தொடர்மாடிக்கு அனுப்பியபோது வீடு கொடுத்தார்கள், முற்றம் கொடுத்தார்களா?

காலிமுகத்திடலில் ஒரு கல் இருக்கிறது. ஆளுநர் ஹென்றி வார்ட் 1859இல் அந்த நடைபாதையை முடித்தபோது வைத்தது. கொழும்பின் பெண்கள், பிள்ளைகள் நலனுக்காக இதைத் தனக்குப் பின் வருவோரிடம் சிபாரிசு செய்வதாக அதில் பொறித்திருக்கிறது. ஆளுநர்களைப் புகழ்வது எனக்குப் பழக்கமில்லை. ஆனாலும் வெள்ளைக்காரத் துரைக்கே தோன்றிய விஷயம் எங்கள் ஆட்களுக்கு ஏன் தோன்றவில்லை?

நாங்கள் கேட்பது பெரிதல்ல. தினமும் நாலிலிருந்து ஏழு மணிவரை கேட் திறந்திருக்கட்டும். கடிதம் வேண்டாம், கட்டணம் வேண்டாம். சாவியை இந்த ஒழுங்கைக்காரர்கள் வாரம் ஒரு வீடாக வைத்துக்கொள்கிறோம், புல்லையும் நாங்களே வெட்டுகிறோம். ஊர் கூடித் தேர் இழுக்கும்.

மனு வாசலடியில் மேசையில் இருக்கிறது, மூன்று மொழியிலும். பேனை ஒன்றுதான், கையெழுத்து வைத்ததும் பின்னால் நிற்பவரிடம் கொடுங்கள். முதல் கையெழுத்தைப் பிரதம அதிதி அவர்கள் வைத்தால் எங்களுக்குப் பெருமை. அவர் எழும்புகிறார், வாகனம் வந்துவிட்டதுபோல. தம்பி, நீ அந்த மனுவை எடுத்துக்கொண்டு இங்கே மேடைக்கே வா, ஓடி வா.