வலிக்கும் என்று சொல்லியே அழைத்துப் போங்கள்

நடுவர் அவர்களே, குன்னூர்ப் பெரியோர்களே, வணக்கம். ஊசிக்குப் போகும் பிள்ளையிடம் உண்மையைச் சொல்வதா, மறைப்பதா என்பது தலைப்பு. மறைப்பதே கருணை என்று எதிரணி அம்மா உருகிப் பேசினார். "பூங்காவுக்குப் போகலாம், வர்க்கி வாங்கித் தருகிறேன் என்று கிளப்பினால் அழுகை மிச்சம்" என்றார். மிச்சம் யாருக்கு, அம்மா? கூட்டிக்கொண்டு போகிறவருக்கு!

இந்த ஊருக்கு ஊசி புதிதா? சிம்ஸ் பூங்கா அருகே 1907 முதல், நாய்க்கடித் தடுப்பூசிக்குப் பேர்போன பாஸ்டர் நிறுவனம் இருக்கிறது. நாய்க்கடிக்கு அந்தக் காலத்தில் வயிற்றில் 14 ஊசி வரை போட்டார்கள். இன்று அரசு மருத்துவமனைகளில் கையில், தோலுக்குள் போடுகிறார்கள். ஆனால் கடிபட்ட முதல் நாள் போட்டுவிட்டு 3, 7, 28ஆம் நாள்களிலும் போக வேண்டும். முதல் நாள் பூங்கா என்று ஏமாற்றிவிட்டீர்கள். அடுத்த முறை பிள்ளை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு விடவே விடாது! அப்புறம் நிஜமாகவே பூங்காவுக்கு அழைத்தாலும் அலறும்.

"சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும்?" என்றும் கேட்டார். மருத்துவர்கள் பலரே, பச்சைக் குழந்தைக்கு வலி தெரியாது என்று நினைத்திருந்தார்கள். போதிய வலிநீக்க மருந்து இல்லாமல் பச்சிளம் குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சை செய்த காலம் உண்டு. 1987இல் மருத்துவர் கே.ஜே.எஸ். ஆனந்த் போன்றோரின் ஆய்வுகள் வந்த பிறகுதான் அந்த எண்ணம் அசைந்தது.

"ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை" என்று பெரியவர்கள் எப்போது சொல்கிறோம்? ஏதோ இருக்கும்போது மட்டும்தானே! குரல் நடுங்குவதைப் பிள்ளை கண்டுபிடித்துவிடுகிறது. பொய்யான ஆறுதல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமும் 2015இல் சொல்லிவிட்டது.

உண்மை என்றால் ஒரு வாரம் முன்பே பயமுறுத்துவதல்ல. கிளம்பும்போது, "சுருக்கென்று குத்தும். என் மடியில்தான் இருப்பாய். அழ வேண்டுமென்றால் அழு" என்றால் போதும். படுக்கவைத்து அமுக்காமல் மடியில் நிமிர்த்தி அணைத்துக்கொள்ளுங்கள். பிறகு பேச்சை மாற்றுங்கள். நம் மலைப் பிள்ளைகளுக்குக் குளிரில் வாயால் புகை விடத் தெரியும். ஊசி ஏறும்போது அப்படி நீளமாக ஊதச் சொல்லுங்கள்.

ஆறு வாரக் குழந்தைக்கு உண்மையும் வேண்டாம், பொய்யும் வேண்டாம், தாய்ப்பால் போதும், அதை ஒப்புக்கொள்கிறேன். ஒரே நாளில் இரண்டு ஊசி என்றால், அதிகம் வலிப்பதைக் கடைசியில் போடும்படி செவிலியரிடம் கேளுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார். நடுவரின் கை மணிக்குப் போகிறது, நான் அமர்கிறேன்.