தபால் பெட்டியில் முதலில் பெயரை ஒட்டுங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

ஜெர்மனிக்கு வருகிற நம்மவர்கள் குளிருக்குத் தயாராகித்தான் வருகிறார்கள். ஸ்வெட்டர், கையுறை, காதுவரை மூடும் குல்லாய் எல்லாம் பெட்டியில் இருக்கும். ஆனால் வந்து இறங்கிய பிறகு அவர்களை அலைக்கழிப்பது குளிர் அல்ல, தபால்.

நம் ஊர் முகவரியில் பழைய எண், புது எண், எத்தனையாவது மாடி, பிள்ளையார் கோயில் எதிரில் என்று எல்லாம் இருக்கும். இங்கே தெரு, கட்டட எண், அஞ்சல் குறியீடு, ஊர், அவ்வளவுதான். பத்துக் குடித்தனம் இருக்கிற கட்டடத்தில்கூட பெரும்பாலும் வீடுகளுக்குத் தனி எண் கிடையாது. தபால்காரர் பெட்டியில் இருக்கிற பெயரைப் பார்த்துத்தான் கடிதத்தைப் போடுவார். உங்கள் பெயர் அங்கே இல்லையென்றால் கடிதம் வந்த வழியே திரும்பிவிடும். அதனால் சாவி கைக்கு வந்ததும், பால் காய்ச்சுவதற்கு முன்னால், தபால் பெட்டியிலும் அழைப்பு மணியிலும் பெயரை ஒட்டிவிடுங்கள். வீட்டுக்காரர் தகடு செய்து தரும்வரை ஒரு துண்டுக் காகிதமும் செல்லோடேப்பும் போதும்.

இதில் நமக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளும் வழக்கம் நம்மில் பலருக்கு இல்லை. பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் அப்பா பெயர் போய் உட்கார்ந்துகொள்ளும். கணவருக்கு அவர் அப்பா பெயர், எனக்கு என் அப்பா பெயர், மகளுக்கு என் கணவர் பெயர். ஆக, ஒரே வீட்டில் மூன்று குடும்பப் பெயர்கள். மூன்றையும் எழுதி ஒட்டியிருந்தோம். மாடிப்படியில் எதிர்ப்பட்ட ஒரு பாட்டி, மூன்றாவது ஆள் எப்போது குடிவரப்போகிறார் என்று விசாரித்தார். என் இடுப்பில் இருந்தவளைக் காட்டினேன்.

பெயர் ஒட்டியாயிற்றா? அப்புறம் அன்மெல்டுங். குடியேறிய இரண்டு வாரத்துக்குள் ஊர் அலுவலகத்தில் உங்கள் முகவரியைப் பதிவு செய்யவேண்டும். வீட்டுக்காரர் கையெழுத்திட்ட உறுதிப் படிவம் இல்லாமல் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்; வாடகை ஒப்பந்தம் மட்டும் காட்டினால் போதாது. பெர்லின் போன்ற பெரிய நகரங்களில் அதற்கு முன்பதிவு கிடைப்பதே குதிரைக்கொம்பு. யாராவது ரத்து செய்த இடம் காலையில் இணையதளத்தில் தென்படும். அதைப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

பதிவு முடிந்த பிறகு 11 இலக்க வரி எண் தபாலில் வரும். அது கையில் இல்லாவிட்டால் முதலாளி சம்பளத்தில் மிக உயர்ந்த வரிப் பிரிவின்படி பிடித்துக்கொள்வார்; பின்னால் சரிசெய்துகொள்ளலாம் என்றாலும் முதல் மாதச் சம்பளத்தைப் பார்த்ததும் வயிறு கலங்கும். வங்கி அட்டை ஒரு கடிதத்தில் வரும், அதன் ரகசிய எண் வேறொரு கடிதத்தில் வரும். மருத்துவக் காப்பீட்டு அட்டையும் தபாலில்தான். எல்லாவற்றுக்கும் அந்தத் துண்டுக் காகிதமே வழிகாட்டி.

சரி, வீட்டுக்குள் போவோம். காலி வீடு என்றால் இங்கே அது நிஜமாகவே காலி. பல வாடகை வீடுகளில் கூரையிலிருந்து ஒயர் மட்டும் தொங்கும். விளக்கை முன்பிருந்தவர் கழற்றிக்கொண்டு போயிருப்பார். சமையலறையும் அப்படித்தான். அலமாரி, அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி வரைக்கும் அவருடைய சொத்து. சுவரில் மூடி போட்ட குழாயும் அடுப்புக்கான மின் இணைப்பும்தான் மிஞ்சும். முன்பிருந்தவர் விற்க முன்வந்தால், விலை நியாயமாக இருந்தால், வாங்கிவிடுவதே நல்லது என்பேன். புதிதாகச் சொல்லிவைத்தால் வாரக்கணக்கில் காத்திருக்க நேரும்.

ஜன்னலைப் பற்றியும் சொல்லவேண்டும். கைப்பிடி கீழ்நோக்கி இருந்தால் பூட்டு. பக்கவாட்டில் திருப்பினால் கதவுபோலத் திறக்கும். மேல்நோக்கித் திருப்பினால் ஜன்னலின் மேல்பாகம் மட்டும் உள்பக்கமாகச் சாயும். முதல் தடவை அது சாயும்போது முழு ஜன்னலும் தலையில் விழப்போகிறது என்று இரண்டு கையாலும் தாங்கிப் பிடிக்காதவர் இல்லை. விழாது, காற்றுக்காகச் செய்த ஏற்பாடு அது. தாளித்த பிறகு ஜன்னலை முழுக்கத் திறந்து ஐந்து பத்து நிமிடம் விடுங்கள். குளிர்காலத்தில் திறக்காமலே சமைத்துக்கொண்டிருந்தால் சுவர் மூலையில் பூஞ்சை வரும். அப்படி வந்தால் முன்பணத்தில் கைவைக்க வீட்டுக்காரருக்கு ஒரு காரணம் கிடைத்துவிடும். அந்த முன்பணம் மூன்று மாத அடிப்படை வாடகைவரை போகலாம். சின்னத் தொகை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை குடிபோகலாம் என்று நாள் பார்க்காதீர்கள். ஞாயிறு ஓய்வுநாள் என்பது 1919ஆம் ஆண்டின் வைமார் அரசியல் சட்டத்திலேயே, அதாவது அன்றைய ஜெர்மன் குடியரசின் அரசியல் சட்டத்திலேயே, இருந்தது. இன்றைய அரசியல் சட்டமும் அதை அப்படியே எடுத்துக்கொண்டது. கடைகள் மூடியிருக்கும். பெரிய ரயில் நிலையக் கடைகளும் பெட்ரோல் பங்கும், காலையில் சில மணி நேரம் பேக்கரிகளும்தான் கைகொடுக்கும். அன்றைக்குச் சுவரில் துளை போட்டால் கீழ்வீட்டுக்காரர் மேலே ஏறி வந்துவிடுவார்.

காலி பாட்டில்களை எறியாதீர்கள். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலில் 25 சென்ட் வைப்புத்தொகை அடக்கம். சூப்பர் மார்க்கெட் இயந்திரத்தில் ஒவ்வொன்றாகப் போட்டால் சீட்டு வரும். அதைக் கல்லாவில் கொடுத்துக் கழித்துக்கொள்ளலாம். நீலகிரியில் டாஸ்மாக் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்து 10 ரூபாய் வாங்கியவர்களுக்கு விளக்கவே வேண்டாம்.

கடைசியாக, இந்த மேடைக்குப் பொருத்தமான ஒரு கடிதம். முகவரியைப் பதிவு செய்த கொஞ்ச நாளில் ஒலிபரப்புக் கட்டணம் கேட்டு வரும். வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ. எங்களிடம் டிவியும் இல்லை, ரேடியோவும் இல்லை என்று பதில் எழுதிப் பயனில்லை. 2013 முதல் அது டிவி, ரேடியோப் பெட்டிக்கான கட்டணம் அல்ல, வீட்டுக்கான கட்டணம். எங்களுக்குக் குடும்பப் பெயர் வேறு வேறு என்பதால் எனக்கொன்று, கணவருக்கொன்று என இரண்டு கடிதங்கள் வந்தன. பயந்துபோய் இரண்டையும் கட்டவேண்டாம். ஒருவர் கட்டினால் போதும்; அவருடைய கணக்கு எண்ணை மற்றவர் எழுதித் தெரிவித்துவிட்டால் விஷயம் முடிந்தது.

நன்றி, வணக்கம்.