ஏன் மறித்தீர்கள் சேர்?

வெள்ளவத்தையில் ஒரு ஞாயிறு காலை பேசியதன் எழுத்து வடிவம்

வந்திருக்கிறவர்களில் பாதிப் பேர் ஓட்டோ ஓட்டுகிறவர்கள், மிச்சத்தில் கொஞ்சப் பேர் சாப்பாடு டெலிவரி செய்கிற தம்பிமார் என்று கூட்டத்தை ஒழுங்கு செய்தவர்கள் சொன்னார்கள். பொலிஸ் வீதியில் மறித்தால் நமக்கு என்ன உரிமை என்பதுதான் இன்றைய பேச்சு. சரி, அப்படியென்றால் சட்டப் புத்தகத்தை மூடிவிட்டு வீதியிலிருந்தே தொடங்குகிறேன். பொலிஸ் கை ஒன்று நீளுகிறது, வண்டியை ஓரங்கட்டுகிறோம். பிழை செய்தோமா இல்லையா என்று யோசிக்க முன்னமே பர்ஸுக்குள் எவ்வளவு கிடக்கிறது என்றுதானே மனம் ஓடுகிறது? சிரிக்காதீர்கள், நானும் அப்படித்தான்.

எனக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் மோட்டார் சைக்கிளில் போகும்போது ஒரு சந்தியில் மறித்தார்கள். வெள்ளைக் கோட்டைத் தாண்டினேன் என்றார் உத்தியோகத்தர், தாண்டியதும் உண்மை. லைசன்ஸை வாங்கிக்கொண்டு தண்டப் பத்திரத்தை எழுதி நீட்டினார். சிங்களம் பேசுவேன், ஆனால் அவசரமாகக் கிறுக்கிய கையெழுத்தை வாசிக்கிற அளவுக்கு இல்லை. வாங்கி மடித்துப் பொக்கெட்டில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து பக்கத்து வீட்டு அக்காவிடம் வாசிக்கக் கொடுத்தால், சிக்னல் போடாமல் திரும்பியதாக எழுதியிருக்கிறது. பெரிய வித்தியாசமில்லை என்று தபால் கந்தோரில் காசைக் கட்டினேன். சட்டம் படித்த ஆள் நான், ஒரு கேள்வி கேட்கவில்லை. அந்த வெட்கத்தில்தான் இன்றைக்கு இங்கே நிற்கிறேன்.

பொலிஸ் வாகனத்தை மறிக்கலாமா என்றால், மறிக்கலாம். 1951ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் அந்த அதிகாரத்தைக் கொடுக்கிறது, லைசன்ஸைக் கேட்டால் காட்டத்தான் வேண்டும், அதில் வாதாடி நேரத்தை வீணாக்காதீர்கள். பத்துப் பேர் கோட்டைத் தாண்டினால் ஒருவரை மட்டும் மறிப்பதும், மறித்தவரை எச்சரித்து அனுப்புவதா எழுதுவதா என்பதும் அவர் கையில். சட்டத் தமிழில் இதற்குத் தற்றுணிபு என்று பெயர். அது இல்லாவிட்டால் பின்னேரம் ஐந்தரைக்குக் காலி வீதி அப்படியே உறைந்துபோகும், அதனால் தற்றுணிபோடு எனக்குச் சண்டை இல்லை. அந்த ஒருவரை எதை வைத்துத் தெரிவு செய்தார் என்பதில்தான் சண்டை. அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்கிறது, இனம், மதம், மொழி பார்த்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. கோட்டைத் தாண்டியதற்கு மறிக்கலாம். அடையாள அட்டையில் இருக்கிற பெயருக்காக இன்னும் இருபது நிமிடம் நிறுத்தி வைக்க முடியாது.

இது கற்பனை என்று நினைக்கிற பிள்ளைகள் பெற்றோரிடம் கேளுங்கள். 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த நம் தமிழர்கள் நூற்றுக்கணக்கில் பஸ்ஸில் ஏற்றப்பட்டு வவுனியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். அடுத்த நாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. ஒரு மனு உயர் நீதிமன்றம் இருக்கிற புதுக்கடைக்குப் போனதால் கிடைத்த தடை அது.

எதை வைத்து ஒருவரை மறிக்கலாம் என்ற கேள்வி அமெரிக்காவில் வேறு மாதிரி ஓடியது. சந்தேகம் எதுவும் இல்லாமல், சும்மா லைசன்ஸ் பார்க்கவென்று மனம்போனபடி ஒரு காரை மறிக்க முடியாது என்று 1979இல் அங்கே உச்ச நீதிமன்றம் சொன்னது. 1996இல் அதே நீதிமன்றம், சின்ன வீதி மீறல் ஒன்று உண்மையாகவே இருந்தால் போதும், பொலிஸின் உள்நோக்கத்தைத் தோண்ட மாட்டோம், பாகுபாடு என்றால் சமத்துவ உரிமையின் கீழ் வாருங்கள் என்றது. சின்ன மீறல் ஒன்றுகூட இல்லாமல் கொழும்பில் ஒரு நாள் முழுக்க ஓட்டிய ஆள் யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள் பார்ப்போம். ஆக, சுற்றிச் சுற்றி அங்கேயும் நம்முடைய 12ஆம் உறுப்புரை மாதிரி ஒன்றில்தான் வந்து நிற்கிறது.

அப்புறம், ஸ்டேஷனுக்கு வா என்று சொன்னால்? இதற்கு நம்மிடமே அருமையான தீர்ப்பு ஒன்று இருக்கிறது, பிரதம நீதியரசர் சர்வானந்தா காலத்து நமசிவாயம் வழக்கு. 1986இல் பஸ்ஸில் போன ஒருவரை இறக்கிப் பொலிஸ் நிலையத்துக்குக் கூட்டிப் போனார்கள். கைது செய்யவில்லை, விசாரிக்கத்தான் வரச் சொன்னோம் என்றது பொலிஸ். நீதிமன்றம் ஏற்கவில்லை. நினைத்த இடத்துக்குப் போக அந்த மனிதருக்குச் சுதந்திரம் இல்லையென்றால் சட்டத்தின் கண்ணில் அது கைதுதான் என்றது. கைது என்றால் அரசியலமைப்பின் 13(1)ஆம் உறுப்புரை வந்துவிடும், காரணத்தை அந்த இடத்திலேயே சொல்ல வேண்டும். எனவே குரலை உயர்த்தாமல் ஒன்றே ஒன்று கேளுங்கள்: “சேர், நான் போகலாமா, இல்லையென்றால் என்ன காரணம்?” சேர் என்ற சொல்லை விடாதீர்கள், உரிமை கேட்கும்போது மரியாதை குறைந்தால் பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

மொழிக்கு வருகிறேன், நான் கோட்டைவிட்ட இடம். 22ஆம் உறுப்புரைப்படி கொழும்பிலும் அரச உத்தியோகத்தரோடு தமிழில் தொடர்புகொள்ள நமக்கு உரிமை உண்டு. நடைமுறையில் சந்தியில் நிற்கிறவருக்குத் தமிழ் தெரியாது, வெயிலில் எட்டு மணி நேரம் நிற்கிற அந்த மனிதரிடம் உறுப்புரை இலக்கம் சொல்லிப் பிரயோசனமும் இல்லை. ஆனால் என்ன குற்றம் எழுதியிருக்கிறது என்று வாயால் சொல்லக் கேட்கலாம், கேட்ட பிறகு பத்திரத்தை வாங்கலாம். அதைக் கட்ட 14 நாள் இருக்கிறது, அவசரமே இல்லை.

உரிமை மீறப்பட்டது என்று நினைத்தால் 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்துக்கு ஒரு மாதத்துக்குள் போக வேண்டும், மொழி உரிமைக்கும் அதே வழிதான். ஒரு மாதம் கண் மூடித் திறக்க முன் போய்விடும். அதற்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்தால், அங்கே விசாரணை நடக்கிற காலம் கணக்கில் சேராது. திகதி, நேரம், இடம், உத்தியோகத்தரின் இலக்கம், இதையெல்லாம் அன்றைக்கு இரவே எழுதி வையுங்கள். கையில் எதையாவது வைத்துச் சமாளிக்கிற ஆட்களுக்கு ஒரு சொல்: இலஞ்சம் கொடுத்தவரும் குற்றவாளிதான், பிறகு முறையிட வாய் இருக்காது.

பேசி முடிய, பின்வரிசையிலிருந்து ஒரு தம்பி எழும்பினார். “அக்கா, காரணம் கேட்டதுக்காகவே இன்னும் ரெண்டு குற்றம் சேர்த்து எழுதினா?” எழுதுவார்கள் தம்பி, நடக்கிற விஷயம்தான். அப்போது காசைக் கட்டாமல் நீதவான் நீதிமன்றத்தில் குற்றத்தை மறுத்து நிற்கலாம். வழக்கு நாளில் உங்கள் உழைப்பு போகும், சில நேரம் இரண்டு மூன்று தவணைகூட ஆகும். அதைக் கணக்குப் போட்டுத்தான் அவரும் பேனாவைத் திறக்கிறார்.