நெவாடா சூதாட்ட ஆணையத்தில் ஹாரி ரீட்

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்க மேலவையில் 2007 முதல் 2015 வரை பெரும்பான்மைக் கட்சித் தலைவராக இருந்த ஹாரி ரீட், அதற்கு வெகுகாலம் முன்பே, 1977 முதல் 1981 வரை, நெவாடா மாநிலச் சூதாட்ட ஆணையத்துக்குத் தலைமை வகித்தார். அவருடைய பொதுவாழ்வில் கடினமான பகுதி அதுவே என்பது என் கருத்து.

ஹெண்டர்சன் நகர வழக்கறிஞராகத் தொடங்கி, சட்டமன்ற உறுப்பினராகவும் துணை ஆளுநராகவும் உயர்ந்த ரீட், 1974-இல் மேலவைத் தேர்தலில் 700-க்கும் குறைவான வாக்குகளில் தோற்றார். மறு ஆண்டு லாஸ் வேகஸ் மேயர் தேர்தலிலும் தோற்றார். அவரை ஆணையத்துக்கு நியமித்த ஆளுநர் மைக் ஓ'காலஹன், பள்ளியில் அவருக்கு ஆசிரியராகவும் குத்துச்சண்டைப் பயிற்சியாளராகவும் இருந்தவர். வேண்டியவருக்குக் கொடுத்த பதவி என்று யாரேனும் சொன்னால் மறுப்பதற்கில்லை.

ஆனால் அது சுகமான பதவியாக அமையவில்லை. கேசினோ எனப்படும் சூதாட்ட விடுதி நடத்த உரிமம் கேட்டு விண்ணப்பிப்பவரின் பணம் எங்கிருந்து வருகிறது, அவர் யாரோடு பழகுகிறார் என்று துருவி ஆராய்வது மூவர் கொண்ட சூதாட்டக் கட்டுப்பாட்டு வாரியம். அதன் பரிந்துரையின்மேல் முடிவெடுப்பது ஐவர் கொண்ட ஆணையம். அந்நாளில் சில கேசினோக்களின் வசூலில் ஒரு பங்கு, கணக்கில் ஏறுமுன்பே மாஃபியா தலைவர்களுக்குப் போய்க்கொண்டிருந்ததால், ஓர் உரிமத்தை மறுப்பது அவர்கள் வருமானத்தில் கைவைப்பதாகவே இருந்தது.

1978-இல் ஜாக் கார்டன் என்பவர் புதிய சூதாட்ட விளையாட்டுகளுக்கு ஒப்புதல் வேண்டி 12,000 டாலர் லஞ்சம் கொடுக்க முன்வந்தபோது, ரீட் மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐக்குத் தெரிவித்து, அந்தச் சந்திப்பைப் பதிவுசெய்ய வைத்தார். அதிகாரிகள் உள்ளே நுழைந்ததும் ஆத்திரம் தாங்காமல் கார்டனின் கழுத்தை நெரிக்கப் பாய்ந்தார். ஆணையத் தலைவருக்கு அழகல்லதான், பழைய குத்துச்சண்டைக்காரருக்குப் பொருந்தும். கார்டன் சிறை சென்றார். அதே ஆண்டு டிசம்பரில், ஸ்டார்டஸ்ட் கேசினோவை உரிமமின்றி நடத்திவந்த ஃபிராங்க் ரோசந்தாலுக்கு ஆணையம் உரிமம் மறுக்க, அவர் அவையிலேயே ரீட்டை நோக்கிக் கத்தினார்.

ரீட்டின் மீதும் சந்தேகம் விழுந்தது. டிராபிகானா கேசினோவில் மாஃபியாவின் ஆளாக இருந்த ஜோ அகோஸ்டோ, ரீட் தன் கைக்குள் இருப்பதாகப் பொருள்படப் பேசியது எஃப்பிஐயின் ஒட்டுக்கேட்பில் பதிவாகியிருந்தது. மாநில அளவில் நடந்த விசாரணை ரீட்டைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது. 1981-இல் குடும்பக் காரில் வெடிகுண்டு பொருத்தப்பட்டிருந்ததை அவர் மனைவி கண்டுபிடித்தார்.

1982-இல் கீழவைக்குத் தேர்வான ரீட், பிறகு மேலவைக்குச் சென்று, பூர்வகுடிகளின் நிலங்களில் சூதாட்டத்தை ஒழுங்குபடுத்தும் 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் உருவாக்கத்தில் பங்கெடுத்தார். நெவாடாவின் கேசினோத் தொழிலுக்கு வாஷிங்டனில் பரிந்து பேசுபவராகவும் ஆனார்.